கல்லூரி ஃபார்வர்ட் ரெக்ரூட்: 3-ஆ, 4-ஆ? எப்படி முடிவு செய்வது

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 6 அடி 7 அங்குலமோ 8 அங்குலமோ இருக்கும் ஒரு பையன் இந்தக் கல்லூரிக்குத்தான் வருகிறேன் என்று அறிவித்த அன்றே சண்டை ஆரம்பித்துவிடும். ஒரு கூட்டம் அவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட நாலு கிளிப்பைக் காட்டி "சந்தேகமே இல்லை, விங்" என்று சொல்லும். இன்னொரு கூட்டம் அவன் தோளையும் எடையையும் காட்டி "பவர் ஃபார்வர்ட், வேறு பேச்சே கிடையாது" என்று அடித்துச் சொல்லும். இரண்டு கூட்டமும் பார்ப்பது பந்து அவன் கையில் இருக்கும் நேரத்தை மட்டும்தான். என் கட்சி வேறு. ஒரு ஃபார்வர்ட் எங்கே ஆட வேண்டும் என்பதற்கு முதல் கேள்வி, அவனால் எதிரணியில் யாரைத் தடுக்க முடியும் என்பதுதான். எங்கிருந்து கூடையில் போடுகிறான் என்பதெல்லாம் அப்புறம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: 1 பாயிண்ட் கார்ட், 2 ஷூட்டிங் கார்ட், 3 ஸ்மால் ஃபார்வர்ட், 4 பவர் ஃபார்வர்ட், 5 சென்டர். விங் என்றால் 3 போல வெளிப்பக்கத்தில் ஆடுபவன். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்தை வைத்து.

ஏன் டிஃபென்ஸை முதலில் வைக்கிறேன் என்றால், அஃபென்ஸில் எங்கே நிற்க வேண்டும் என்பதை நம் பயிற்சியாளர் தீர்மானிக்கிறார். பையனுக்குப் போஸ்ட் ஆட்டம் (கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி ஆடுவது) வராவிட்டால் கார்னரில் நிறுத்தலாம், டிரிப்ளிங் வராவிட்டால் ஸ்க்ரீன் (தடுப்பவனின் வழியில் நின்று மறிப்பது) போட வைக்கலாம். டிஃபென்ஸில் அந்த வசதி கிடையாது, அங்கே தீர்மானிப்பது எதிரணிப் பயிற்சியாளர். பலவீனமான ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் அவன் காக்கும் ஆளை வைத்தே ஸ்க்ரீன் போட்டு, அவனைத் தங்கள் சிறந்த கார்டுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். 30 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்ற ஷாட் கிளாக்கில் இதைச் செய்ய நேரம் தாராளமாக இருக்கிறது. அதிலும் இப்போது நிறைய அணிகளில் 3 என்ற இடத்தில் நிற்பவன் உண்மையில் மூன்றாவது கார்ட். 6 அடி 4 அங்குலம், பந்தைத் தரையில் தட்டியபடி நேராக உள்ளே பாய்வான். நம் 6 அடி 8 அங்குலப் பையன் 3 என்றால் தினமும் இவனைத்தான் தடுக்க வேண்டும். 4 என்றால் 235, 240 பவுண்டு ஆளோடு ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, முட்ட வேண்டும். இந்த இரண்டு வேலையில் எது அவனால் முடியும்? விவாதத்தை இங்கேயிருந்து தொடங்குங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள ஹைலைட் வீடியோ உதவாது. அதில் டிஃபென்ஸ் என்றால் பிளாக் மட்டும்தான் இருக்கும், அதுவும் பின்னாலிருந்து ஓடிவந்து அடித்த பிளாக். முழு ஆட்டத்தின் பதிவு ஒன்றிரண்டு தேடிப் பிடியுங்கள், உயர்நிலைப் பள்ளி ஆட்டம் ஒன்று, கோடைக்கால கிளப் ஆட்டம் ஒன்று. பந்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவன் லேனுக்குள் (கூடைக்கு முன்னால் கோடு போட்ட பகுதி) ஒரு காலை வைத்து உதவிக்குத் தயாராக நிற்பான். அங்கிருந்து பந்து ஒரே வீச்சில் அவன் பக்கத்துக் கார்னருக்குப் பறக்கும். இப்போது அவன் ஓடிப்போய் ஷூட்டரை அடைய வேண்டும். இதற்குப் பெயர் குளோஸ்அவுட். கடைசி இரண்டு மூன்று அடிகளில் என்ன செய்கிறான் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அடியைச் சின்னதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை மேலே தூக்கி நிற்கிறானா, அல்லது ஓடிய வேகத்திலேயே ஷூட்டரைத் தாண்டிப் பறந்துவிடுகிறானா? ஷூட்டர் போடுவதுபோல் காட்டி உள்ளே புகுந்தால், முன்வைத்த காலை எடுத்து இடுப்பைத் திருப்பி அவனோடு இரண்டு டிரிப்ளிங் வரை நெஞ்சுக்கு நேராகப் போக முடிகிறதா?

அந்த இரண்டு டிரிப்ளிங்கில்தான் 3-க்கும் 4-க்கும் வித்தியாசம். அதைச் சமாளித்தால் 3 என்று பேசத் தகுதி உண்டு. ஒவ்வொரு முறையும் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக்கோடு) பக்கத்தைத் திறந்துவிடுகிறான் என்றால், எத்தனை மூன்று புள்ளி போட்டாலும் இப்போதைக்கு அவன் 4.

அடுத்தது ரீபவுண்ட், ஆனால் எண்ணிக்கை அல்ல. பள்ளியில் அவன்தான் உயரமானவன், நின்ற இடத்திலேயே பத்து ரீபவுண்ட் கையில் வந்து விழும். ஷாட் காற்றில் இருக்கும்போது அவன் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறானா, அல்லது முதலில் ஒரு உடம்பைத் தேடி முதுகால் அடைத்துவிட்டு அப்புறம் பந்தைத் தேடுகிறானா? கல்லூரியில் அவனுக்கு எதிரே நிற்பவனுக்கு 22, 23 வயது இருக்கலாம், நாலு வருடம் பளு தூக்கியவன். இப்படி அடைக்கும் பாக்ஸ் அவுட் பழக்கம் இல்லாத 18 வயதுப் பையனைக் கூடைக்கு நேர் கீழே தள்ளிவிடுவான், பந்து தலைக்கு மேல் போகும்.

பள்ளியில் எந்த இடத்தில் ஆடினான் என்பதை வைத்து வாதாட வேண்டாம். உயரமானவன் என்பதால் சென்டரில் நிறுத்தியிருப்பார்கள். அதே பையனின் கோடைக்கால அணியில் ஏழு அடிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தால் அங்கே விங்கில் ஆடியிருப்பான். இரண்டும் அந்தந்த அணியின் தேவை. ரேங்கிங் தளங்கள் பெயருக்குப் பக்கத்தில் போடும் எஸ்எஃப், பிஎஃப் எழுத்துகளும் இப்படித்தான், 16 வயதில் ஒட்டிய லேபிள். அதைச் சாட்சியாகக் கொண்டுவரும் ஆளிடம் அந்த லேபிள் எந்த ஆட்டத்தைப் பார்த்து ஒட்டியது என்று மட்டும் கேளுங்கள்.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியலில் இருக்கும் உயரம் பெரும்பாலும் ஷூ போட்டு அளந்தது, அதிலும் கொஞ்சம் தாராளமாக. கை நீளமும், நின்றபடி கையைத் தூக்கினால் எவ்வளவு எட்டுகிறது என்பதும்தான் முக்கியம். டிரேமண்ட் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷிகன் ஸ்டேட்டில் நாலு வருடம் ஆடினார், உயரம் 6 அடி 6 அங்குலம். 3-க்கு வேகம் போதாது, 4-க்கு உயரம் போதாது என்ற பேச்சு அவரைத் துரத்திக்கொண்டே வந்தது, 2012-ல் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 35-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஆனால் விரித்த கை ஏழு அடிக்கு மேல் நீளம், யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே படிக்கும் மூளை. 4-ஐயும் 5-ஐயும் தடுத்து 2017-ல் என்பிஏவின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை வாங்கினார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்று ஒருவனைத் தள்ளிவிடுவதற்கு முன் அவன் கையை அளந்து பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது ஷூட்டிங். சண்டையில் பாதி இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம். கல்லூரி ஆண்கள் முதல் பிரிவில் 2019-20 சீசனிலிருந்து அது 22 அடி 1¾ அங்குலம். இரண்டே கால் அடிக்கும் மேல் பின்னால் போக வேண்டும், மேலே கையை நீட்டிக்கொண்டு வருபவனும் உயரமானவன். பள்ளியில் 40 சதவீதம் போட்டான் என்றால் எத்தனை முயற்சியில் என்று கேளுங்கள். 40 முயற்சியில் 16 என்றால் 40 சதவீதம், அதில் இரண்டு மட்டும் விளிம்பில் பட்டு வெளியே போயிருந்தால் 35. இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து ஒருவன் ஷூட்டரா இல்லையா என்று சத்தியம் செய்ய முடியாது. நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ சதவீதம். தூரம் மாறாது, எதிரே கை கிடையாது, கையின் பழக்கம் மட்டும் தெரியும். 80-ஐத் தொடுகிறான் என்றால் மூன்று புள்ளி இன்றைக்கு இல்லாவிட்டாலும் வரும் என்று நம்பலாம். 60-க்குக் கீழே இருப்பவனின் கிளிப்புகளை நம்பி அவனை விங் என்று சொல்ல மாட்டேன்.

எந்த மாதிரி ஷாட் என்பதும் முக்கியம். 4-ல் ஆடுபவனுக்குப் பெரும்பாலும் நின்ற இடத்தில் பந்து வரும், கால் ஊன்றியிருக்கும், பிடித்துப் போட்டால் போதும். 3-ல் ஆடுபவன் ஸ்க்ரீனைச் சுற்றி ஓடிவந்து, ஓட்டத்திலேயே திரும்பிப் போட வேண்டும், இல்லை போடுவதுபோல் காட்டிவிட்டுப் பந்தைத் தரையில் தட்டி உள்ளே போக வேண்டும். ஓடிவந்து போட்ட ஷாட் வீடியோவில் ஒன்றுகூட இல்லை என்றால் அவன் 3 என்பதற்கு ஆதாரம் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். டிரிப்ளிங்கைப் பார்க்க ஒரே இடம், எதிரணி முழு மைதானத்திலும் பிரஸ் பண்ணும் நேரம். சின்ன கார்ட் ஒருவன் ஒட்டிக்கொண்டு வரும்போது முகத்தை நேராக வைத்தே பந்தைக் கொண்டுபோகிறானா, உடனே முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறானா?

இங்கே பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அதே பையன், அதே வேகம். 3-ல் நிறுத்தினால் அவனைத் தடுக்க வருபவன் அவனைவிட வேகமான விங், 4-ல் நிறுத்தினால் வருபவன் அவனைவிட மெதுவான பெரிய ஆள். முதல் இடத்தில் சாதாரணமாகத் தெரியும் டிரைவ், இரண்டாவது இடத்தில் தடுக்கவே முடியாததாகத் தெரியும். என்பிஏவில் விங்குகளுக்குத்தான் மதிப்பு என்று பையனும் குடும்பமும் 3-ல் ஆட ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கல்லூரியில் 4-ல் ஆடித் தன் வேகத்தைக் காட்டியவனை என்பிஏ ஆட்கள் கவனிக்காமல் விட மாட்டார்கள். கூப்பர் ஃபிளாக் 2024-25-ல் டியூக்கில் ஃபார்வர்டாக ஆடினார். 2025 டிராஃப்டில் முதல் ஆளாக டல்லாஸ் எடுத்தது, எடுத்த கையோடு சீசன் தொடக்கத்தில் பாயிண்ட் கார்டாக நிறுத்தியது. எல்லோரும் ஃபிளாக் கிடையாது என்பது வாஸ்தவம். ஆனாலும் 4 என்று சொன்னால் ஒருவனைத் தாழ்த்திப் பேசுவதாக எடுத்துக்கொண்டு கோபப்படுகிறவர்களுக்கு இதை ஞாபகப்படுத்துங்கள்.

பையனைப் பார்த்தது போதும், இனி அவன் போகப்போகும் அணி. முதலில் பார்க்க வேண்டியது அங்கே 5-ல் யார் நிற்கிறார்கள் என்பது. கல்லூரி ஆட்டத்தில் லேன் 12 அடி அகலம்தான், என்பிஏவில் 16. தவிர, என்பிஏவில் இருக்கும் டிஃபென்ஸ் மூன்று விநாடி விதி கல்லூரியில் இல்லை. அதாவது ஷூட்டிங் தெரியாத ஒருவனைக் காப்பவன் லேனுக்குள்ளேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். சென்டருக்கும் ஷூட்டிங் இல்லை, 4-க்கும் இல்லை என்றால் இரண்டு பேர் உள்ளே வந்து அமர்ந்துவிடுவார்கள், நம் கார்டுகளுக்கு நுழையவே வழி இருக்காது. ஆகவே சென்டர் வெளியே வந்து போடக்கூடியவர் என்றால் ஷூட்டிங் குறைவான ஃபார்வர்டையும் 4-ல் நிறுத்தலாம். சென்டர் கூடைக்கடியிலேயே வாழ்பவர் என்றால் 4-ல் ஷூட்டர்தான் வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து வருடத்தில் பட்டம் வென்ற இரண்டு அணிகளை வைத்துப் பாருங்கள். 2017-ல் பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸின் நார்த் கரோலைனா, கென்னடி மீக்ஸ், ஐசாயா ஹிக்ஸ் என்று இரண்டு பெரிய ஆட்களை வைத்து ஆடியது. அதனால் 6 அடி 8 அங்குல ஜஸ்டின் ஜாக்சன் 3-ல் ஆடினார், அந்த சீசனில் 105 மூன்று புள்ளிகள் போட்டார். 2018-ல் பயிற்சியாளர் ஜே ரைட்டின் வில்லனோவாவில் சென்டராக ஆடிய ஓமாரி ஸ்பெல்மேனே மூன்று புள்ளியில் 43 சதவீதம் போட்டவர். அதனால் கிட்டத்தட்ட ஜாக்சன் உயரமே இருந்த எரிக் பாஸ்கல் அங்கே 4. ஜாக்சன் வில்லனோவாவுக்குப் போயிருந்தால் பாதி நேரம் 4-ல் ஆடியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். அணியின் பெயரைச் சொல்லாமல் "இவன் 3" "இவன் 4" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

டிஃபென்ஸ் முறையும் கேள்வியை மாற்றிவிடும். பயிற்சியாளர் ஜிம் போஹைம் காலத்து சிரக்யூஸில் 2-3 ஜோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று, ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது), அங்கே பின்வரிசை ஃபார்வர்டுகள் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வேலை: லேனையும் காக்க வேண்டும், கார்னருக்கும் ஓட வேண்டும். 2003 இறுதிப் போட்டியில் கான்சஸ் சமன் செய்ய கார்னரிலிருந்து போட்ட மூன்று புள்ளியை, உள்ளேயிருந்து பாய்ந்துவந்த ஹக்கீம் வாரிக் தன் நீளமான கையால் தட்டிவிட்டார். 81-78 என்று ஆட்டம் முடிந்தது. அப்படிப்பட்ட அணிக்குப் போகும் பையனைப் பற்றி 3-ஆ 4-ஆ என்று மல்லுக்கட்டுவதைவிட, கை நீளமும் கார்னர்வரை போகும் கால் வேகமும் இருக்கிறதா என்று பேசலாம். எல்லா ஸ்க்ரீனையும் ஸ்விட்ச் பண்ணும் (காக்கும் ஆளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும்) அணி என்றால் மேலே சொன்ன குளோஸ்அவுட் சோதனையை இன்னும் கடுமையாக வையுங்கள், ஏனென்றால் 4-ம் அங்கே கார்டைத் தடுக்க வேண்டிவரும்.

அடுத்து நிமிடக் கணக்கு. பேப்பர் எடுத்து எழுதியே பாருங்கள், பாதி வாதம் தானாக அடங்கிவிடும். ஒரு ஆட்டம் 40 நிமிடம், 3-க்கும் 4-க்கும் சேர்த்து 80 நிமிடம். திரும்பி வருபவர்களையும் போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) வாங்கியவர்களையும் முதலில் நிரப்புங்கள். உதாரணத்துக்கு 3-ல் ஒரு சீனியர் 30 நிமிடம் ஆடுவார், அவருக்கு மாற்றாக வரும் கார்ட் 6 நிமிடம், மிச்சம் 4. 4-ல் இருப்பவர் ஃபவுல் தொல்லை உள்ளவர், 22 நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார், மிச்சம் 18. நம் புதுப் பையன் எங்கே ஆடப்போகிறான்? அவன் இயற்கையில் 3 என்று நீங்கள் நூறு காரணம் சொன்னாலும் முதல் வருடம் 4-ல்தான் இடம் கிடைக்கும். 2025-26 முதல், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கின் சமரசத்துக்குப் பிறகு வந்த விதிப்படி, அதை ஏற்ற கல்லூரிகளில் மொத்தமே 15 பேர் என்ற வரம்பு. பயிற்சியாளர்கள் போர்ட்டலில் முதிர்ந்த ஆட்களை எடுக்கிறார்கள், 18 வயதுக்காரனுக்கு நிமிடம் சும்மா கிடைப்பதில்லை.

முதல் வருடப் பையனுக்கு இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு செட்டிலும் (முன்கூட்டித் திட்டமிட்ட ஆட்ட அமைப்பு) 3 ஓடும் பாதை வேறு, 4 நிற்கும் இடம் வேறு. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஓடுபவன் அரை விநாடி யோசிப்பான், அந்த அரை விநாடியில் பாஸ் வெட்டுப்பட்டுவிடும். ஒன்றைப் பழகட்டும், இரண்டாவதை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம். அவசரமே இல்லாத பையன் என்றால் ஒரு வருடம் ரெட்ஷர்ட் போட்டு, அதாவது போட்டியில் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்ய வைத்து, உட்கார வைப்பதும் நல்ல வழிதான். வர்ஜீனியாவில் டிஆண்ட்ரே ஹண்டர் 2016-17 முழுவதும் அப்படி உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது கார்டையும் தடுத்தார், பெரிய ஆளையும் தடுத்தார். 2019 இறுதிப் போட்டியில் 27 புள்ளி எடுத்தார், கடைசி விநாடிகளில் சமன் செய்த மூன்று புள்ளியும் அவருடையதுதான். போர்ட்டல் காலத்தில் ஒரு வருடம் பொறுமையாக உட்காரும் பையனும் குறைவு, உட்கார விடும் பயிற்சியாளரும் குறைவு. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

எடை பற்றி: 205 பவுண்டில் வருபவன் ஒரு கோடையில் 15 பவுண்டு ஏற்றிவிடுவான், அதனால் 4-ஆகிவிடுவான் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஏற்றலாம். ஆனால் அந்த எடையோடு பக்கவாட்டு வேகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது ஆடினால்தான் தெரியும். ஆகவே இன்றைய உடம்பை வைத்து ஒரு முடிவு, இரண்டு வருடம் கழித்து வரும் உடம்பை வைத்து இன்னொரு முடிவு என்று பிரித்தே பேசுங்கள். பல சண்டைகளில் ஒருவர் முதல் வருடத்தைப் பற்றிப் பேசுவார், எதிரே இருப்பவர் மூன்றாம் வருடத்தைப் பற்றிப் பேசுவார். எந்த வருடம், எந்த அணி, யாருக்கு எதிராக என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட்ட அன்று பயிற்சியாளர் சொல்லும் "எல்லா இடத்திலும் ஆடக்கூடியவன்" என்பதை எந்தப் பக்கத்துக்கும் ஆதாரமாக எடுக்க வேண்டாம். அது வரவேற்பு வார்த்தை, எல்லா ஃபார்வர்டுக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

சீசன் ஆரம்பித்த பிறகும் நவம்பரை நம்பாதீர்கள். அப்போது வரும் சின்ன அணிகளுக்கு எதிராக 6 அடி 8 அங்குலப் பையன் எங்கே நின்றாலும் நன்றாகத்தான் தெரிவான். ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் (தங்கள் சொந்தக் குழு அணிகளோடு ஆடுபவை) தொடங்கட்டும். இடைவெளி ஐந்து ஆறு புள்ளிக்குள் இருக்கும் ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் பயிற்சியாளர் அவனை யார் மேல் நிறுத்துகிறார், எதிரணி ஸ்க்ரீன் போட்டு அவனைத் தேடி வருகிறதா, டிஃபென்ஸுக்கு மட்டும் அவனை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை அனுப்புகிறாரா என்று குறித்து வையுங்கள். பிப்ரவரி முடிவதற்குள் அப்படி ஆறேழு ஆட்டமாவது சேரும். அடுத்த வருடத்துக்குப் போர்ட்டலில் 3 தேட வேண்டுமா 4 தேட வேண்டுமா என்ற பேச்சை அந்தக் குறிப்போடு ஆரம்பிக்கலாம்.